மதிப்பின் விலையும் மானத்தின் விலையும்: தமிழ் அறநூல்களிற் பொருளும் மனிதத் தகைமையும்

1

பொருள் என்னும் சொல் தமிழிலே பல கருத்துகளை உணர்த்தி நிற்கின்றது. கையிலுள்ள செல்வமும் பொருள். கண்ணுக்குப் புலனாகும் பண்டமும் பொருள். சொல்லின் கருத்தும் பொருள். ஒருவரை 'ஒரு பொருளாக மதித்தல்' என்னும் வழக்கிலே மனிதரின் தகுதியும் பொருளாகின்றது. இவை யாவும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தமை மொழியிற் காணப்படும் தற்செயல் நிகழ்ச்சி என்று கொள்வாரும் உளர். எனினும் திருக்குறளை ஊன்றிப் பயில்வோர் அவ்வாறு எளிதிற் கடந்து செல்ல முடியாது. பொருள்செயல்வகை என்னும் 76ஆவது அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் இச்சொல்லின் இரு கருத்துகளையும் மோதவிடுகின்றார்: தகுதியற்றவருக்கும் தகுதியை ஏற்றிவிடும் ஆற்றல் செல்வத்துக்கு உண்டு என்பது அங்குக் கூறப்படும் கருத்து. நல்குரவு என்னும் 105ஆவது அதிகாரத்திலே, வறியவர் எத்துணைத் தெளிவாக ஆராய்ந்து உரைப்பினும் அவருடைய பேச்சு அவையில் எடுபடாது போகும் என்பதை உணர்த்துமிடத்தும் அதே சொல்லையே மீண்டும் கையாளுகின்றார். கைப்பொருள் அற்றவரது சொல்லுக்குச் சொற்பொருளும் அற்றுப்போகின்றது.

பணத்தினால் மானம், அறிவு முதலான தனிமனிதப் பண்புகளை வாங்க இயலுமா என்னும் வினாவுக்குத் தமிழ் அறநூல்கள் தரும் விடை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இயலாது என்பதே அவற்றின் விடை எனப் பொதுவாகக் கூறப்பட்டு வருகின்றது. தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிகளிலும், பரிசளிப்பு விழாத் தலைமையுரைகளிலும், பாடநூல்களின் பயிற்சி வினாக்களிலும் நாம் கேட்டுப் பழகிய விடை அதுவே. கல்வியே அழியாச் செல்வம், அருளே செல்வத்துட் சிறந்தது, அறிவுடையார் எல்லாம் உடையார் ஆகிய கருத்துகள் இதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றன. இதற்கு மறுதலையாக, அறநூல்கள் யாவும் உடைமை வர்க்கத்தின் நலன் பேணுவதற்கென எழுந்தவை. இல்லாதோரை ஆறுதல் வார்த்தைகளால் அடக்கி வைப்பவை. ஆதலால் ஆராயத் தகாதவை என்று ஒதுக்கிவிடும் போக்கு எம்மிடையே உள்ள முற்போக்காளர் சிலரிடம் உண்டு. இவ்விரு சாராரும் ஒரு வகையில் ஒத்தவர்களே. நூலிலுள்ள ஒருபாற் குறள்களை மட்டும் முன்னவர் போற்றுகின்றனர்; அதே குறள்களை மட்டும் பின்னவர் பழிக்கின்றனர். எஞ்சியவற்றை இருவரும் படிப்பதில்லை.

எஞ்சியவை சிறு தொகையின அல்ல. செல்வரை யாவரும் சிறப்பிப்பர், இல்லாரை யாவரும் இகழ்வர் என்னும் கருத்தும், பகைவரின் செருக்கை அறுக்கப் பொருளைவிடக் கூரிய கருவி இல்லை என்னும் கருத்தும் அதே நூலில் உள்ளவையே. நாலடியாரின் இன்மை அதிகாரம் இன்னும் கடுமையானது. எளிய உடை உடுத்து வாழ்வோனாயினும் சிறிது பொருள் இருப்பின் பலர் நடுவே பெருமை பெறுவான், நற்குடியிற் பிறந்தும் ஏதுமற்றவன் பிணத்திலும் கடைப்பட்டவன் என்று அது கூறும். நல்வழியில் இக்கருத்து வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றது. கல்லாதவனிடம் பணமிருந்தால் ஊரே எதிர்கொள்ளும். பணமற்றவனை மனைவியும் விரும்பாள், பெற்ற தாயும் விரும்பாள். அவனுடைய வாய்ச்சொல் 'செல்லாது' என்பது அந்நூலின் கூற்று. இந்தச் 'செல்லாது' என்னும் வினையை நாம் காசுக்கும் வழங்குகின்றோம். தேய்ந்த காசு செல்லாது. வறியவன் சொல்லும் செல்லாது. நாணயப் புழக்கத்துக்குரிய சொல்லாலேயே மனிதரின் பேச்சு அளக்கப்படுவதை இங்கு நாம் அவதானிக்கலாம்.

2

பொருள்செயல்வகையின் முதற் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை நுணுகிப் படிக்கத்தக்கது. மதிக்கப்படாதார் யாவர் என்னும் வினாவுக்கு, அறிவில்லாதவரும் இழிகுலத்தவரும் என்று அவர் விடை தருகின்றார். அவர்களை மதிக்கப்படுவோராகச் செய்தலாவது யாது என்னும் அடுத்த வினாவுக்கு அவர் தரும் விளக்கமே எமது கவனத்துக்குரியது. பொருள் அறிவிலியை அறிவுடையவனாக மாற்றிவிடும் என்று அவர் கூறவில்லை. இழிகுலத்தவன் எனப்பட்டவனின் குலத்தை உயர்த்தும் என்றும் கூறவில்லை. அறிவுடையோரும் உயர்குலத்தோரும் அவனிடம் சென்று நிற்குமாறு பண்ணுவதே பொருளின் தொழில் என்கின்றார்.

உரையாசிரியர் சுருங்கக் கூறிய இவ்விளக்கத்திலே ஒரு சமூகவியல் உண்மை பொதிந்துள்ளது. பணமுடையவனின் உள்ளத்திலோ மூளையிலோ எவ்வித மாற்றமும் நிகழவில்லை. அவனுடைய வாயிலில் நிற்பவர்கள் மாறியிருக்கின்றார்கள். அறிஞர் சென்று நிற்பதனால் அவன் அறிவுடையவனாகக் காட்சியளிக்கின்றான். குலமுடையோர் சென்று நிற்பதனாற் குலமுடையவனாகக் காட்சியளிக்கின்றான். மதிப்பு என்பது இங்கு ஒருவனிடம் உள்ள பண்பாகவன்றி, அவனைச் சூழ நிற்போரின் ஒழுங்கமைப்பாகவே விளங்குகின்றது.

கார்ல் மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் எழுதி, 1932 இலேயே முதன்முதலாக முழுமையாக அச்சேறிய கையெழுத்துப் பிரதிகளிலே பணத்தின் ஆற்றல் பற்றிய பகுதியொன்றுண்டு. கதேயின் ஃபவுஸ்ட் நாடகத்தையும் ஷேக்ஸ்பியரின் 'ஏதென்ஸ் நகரத்து ரைமன்' நாடகத்தையும் துணைக்கொண்டு அவர் அதனை எழுதினார். தீயவனாயினும் பணம் மதிக்கப்படுவதால் அதனை உடையவனும் மதிக்கப்படுகின்றான். அறிவற்றவனாயினும் அறிவுடையோரை அவன் விலைக்கு அமர்த்தலாம். அறிவுடையோர்மீது அதிகாரம் செலுத்துபவன் அவர்களிலும் அறிவுடையவன் அல்லனோ என்று அங்கே எள்ளல் தொனிக்க வினவுகின்றார். பரிமேலழகருக்கும் மார்க்ஸுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு இடைவெளி உண்டு. ஒருவர் மற்றவரை அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் அறிவிலியின் வாயிலில் அறிஞர் நிற்கும் காட்சியை இருவரும் கண்டிருக்கின்றனர்.

இவ்வொற்றுமையைக் கொண்டு வள்ளுவரைப் பொதுவுடைமைவாதியாக்க முற்படுவது எமது நோக்கமன்று. அத்தகைய முயற்சிகள் தமிழிற் போதியளவு நடந்துவிட்டன. பொருள்செயல்வகை அதிகாரம் நூலிலே அரண் என்னும் அதிகாரத்துக்கும் படைமாட்சி என்னும் அதிகாரத்துக்கும் இடையில் வைக்கப்பட்டுள்ளது. அங்குப் பேசப்படும் பொருள் முதன்மையாக அரசனின் கருவூலம். உரியவரின்றி அரசிடம் வந்து சேரும் சொத்து, சுங்க வருமானம், பகைவரிடமிருந்து பெறும் திறை என்பனவே அதன் ஊற்றுகள். மார்க்ஸ் ஆராய்ந்த பணமோ எதனையும் எதனோடும் மாற்றவல்ல, உழைப்பையே பண்டமாக்கிவிட்ட முதலாளித்துவ சமுதாயத்தின் பணம். முன்னையது ஆட்களைத் திரட்டுகின்றது. பின்னையது ஆளுமையையே இடம்பெயர்க்கின்றது. இவ்வேறுபாட்டை மறந்து செய்யப்படும் ஒப்பீடு இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே தீங்கு பயப்பதாகும்.

மற்றுமொரு வேறுபாடும் உண்டு. பரிமேலழகர் தாம் கண்டதை அரசனுக்கான அறிவுரையாக்கி அமைதியடைகின்றார். ஆதலால் ஈட்டுக பொருளை என்பதே அவர் வந்தடையும் முடிபு. நிற்கும் அறிஞரை நோக்கி, ஏன் நிற்கின்றீர் என்று அவர் வினவவில்லை. ரைமன் நாடகமோ அவ்வினாவோடுதான் தொடங்குகின்றது. ரைமனின் மாளிகை வாயிலிலே கவிஞனும் ஓவியனும் நகை வணிகனும் காத்து நிற்பதே அதன் முதற் காட்சி. ரைமன் வறியவனானதும் அவனுடைய விருந்துண்டோர் யாவரும் விலகுகின்றனர். காட்டிலே கிழங்கு தேடி அகழ்ந்த இடத்தில் அவனுக்குப் பொன் கிடைக்கின்றது. பொன் எவ்வாறு இழிந்ததை உயர்ந்ததாகவும் கோழையை வீரனாகவும் ஆக்குகின்றது என்று அவன் சபிக்கின்றான். செய்தி பரவியதும் கவிஞனும் ஓவியனும் மீண்டும் வந்து சேர்கின்றனர். வாயிலில் நிற்கும் கவிஞனைத் தமிழரும் நன்கு அறிவர். புறத்திணையிலே கடைநிலை என்று அதற்கொரு துறையே வகுக்கப்பட்டது.

எமது காலத்திற் கடைநிலைக்கு மண்டபமும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. நூல் வெளியீட்டு விழாவிலே முதற் பிரதி பெறுபவர் யார் என்பது நூலாசிரியர் யார் என்பதற்கு நிகரான எழுத்தில் அழைப்பிதழில் அச்சாகின்றது. புரவலர் என்ற சொல் வள்ளல்களிடமிருந்து இறங்கி வந்து அங்கே அமர்ந்துகொள்கின்றது. நூலைப் படித்தவர் ஆய்வுரை ஆற்றுகின்றார். படியாதவருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகின்றது. வர்த்தகப் பெருமக்களின் உதவியின்றி ஈழத்திலே தமிழ் நூல்கள் பல அச்சேறியிருக்கமாட்டா என்பதையும் நாம் மறுக்கவில்லை. அந்த உதவியைத் தேடிப் போய் நிற்போர் யாவர் என்பதையே குறிப்பிடுகின்றோம். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாமும் அவ்வரிசையிற் காணப்படுகின்றோம்.

3

அறிவைப் பொறுத்தவரை அறநூல்களின் நிலை சிக்கலானது. கல்வி, கேள்வி, அறிவுடைமை என வள்ளுவர் தனித்தனி அதிகாரங்கள் வகுத்துள்ளார். இவற்றுட் கல்விக்குப் பொருள் வேண்டும் என்பதைப் பண்டைத் தமிழர் மறைக்கவில்லை. புறநானூற்றின் 183ஆவது பாடல் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பெயரில் வழங்குவது. நால்வகைப் பிரிவினருள்ளும் கீழ்ப்பட்டவன் கற்றவனாயின் மேற்பட்டவனும் அவனுக்கு அடங்குவான் என்று முடியும் பாடல் அது. மேடைகளில் எடுத்துக்காட்டப்படுவதெல்லாம் இப்பிற்பகுதியே. அப்பாடலின் தொடக்கமோ, ஆசிரியருக்கு இடருற்றவிடத்து உதவியும் மிகுந்த பொருளை வழங்கியும் கற்க வேண்டும் என்பதாகும். கீழ்ப்பட்டவன் கற்றவனாயின் என்ற நிபந்தனையைப் பிற்பகுதி விதிக்கின்றது. அந்நிபந்தனையை நிறைவேற்ற என்ன செலவாகும் என்பதை முற்பகுதி முன்கூட்டியே சொல்லிவிடுகின்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். கல்லாதவனாயினும் கேட்டறிக என்று கேள்வி அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவது, கற்பதற்கு வகையற்றோருக்காகத் திறந்துவிடப்பட்ட சிறு வாயில் எனலாம்.

இனி, செல்வமுடைமை வேறு தெளிந்த அறிவுடைமை வேறு என்னும் கருத்துக்கு வருவோம். பணத்தால் அறிவை வாங்க முடியாது என வாதிடுவோர் முதலிற் கையிலெடுப்பது இதனையே. இது இடம்பெறும் அதிகாரம் எது என்பதை அவர்கள் கூறுவதில்லை. இது கல்வியிலோ அறிவுடைமையிலோ இடம்பெறவில்லை. ஊழ் என்னும் 38ஆவது அதிகாரத்தில் இடம்பெறுகின்றது. செல்வரிடம் அறிவில்லை, அறிவுடையோரிடம் செல்வமில்லை என்னும் அவதானிப்பு நேரியது. அதற்குக் காட்டப்படும் காரணமே ஊழ். நாலடியார் இதே நிலைக்கு அழகான புராணக் காரணமொன்று கற்பிக்கின்றது: நாமகள் குடியிருக்கும் இடத்துக்குப் பூமகள் பிணங்கி வாராள் என்பது அது. அறிஞரின் வறுமை இவ்வாறு இரு தேவியரின் ஊடலாகிவிடுகின்றது. உடைமை ஒருபாலும் உழைப்பும் கலையும் மறுபாலுமாகச் சமுதாயம் பிளவுபட்டு, கற்றோர் உடையோரின் ஆதரவில் வாழ நேர்ந்தமையே அவர்களின் வறுமைக்குக் காரணம் என்பதை நோக்க அக்காலத்துக்கு வாய்ப்பிருக்கவில்லை. இவ்விடத்திலேதான் அறநூல்களின் வர்க்கச் சார்பு வெளிப்படுகின்றது என்பது எமது துணிபு. உண்மையை அவை மறைக்கவில்லை; காரணத்தையே மறைத்தன.

எமது நாட்டு வரலாறு இவ்வூழை ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கின்றது. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் சுயபாஷைப் பாடசாலைகளிலே கட்டணமின்றிக் கற்க முடிந்தது. அரசாங்க உத்தியோகத்துக்கும் வைத்தியம், சட்டம் முதலான தொழில்களுக்கும் வழிகாட்டிய ஆங்கிலப் பாடசாலைகளிலோ கட்டணம் அறவிடப்பட்டது. அறிவு எனச் சமுதாயம் அங்கீகரித்தது பின்னையதையே. கன்னங்கராவைத் தலைவராகக் கொண்ட விசேட கல்விக் குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்து, 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை உத்தியோக வாசனையே அறியாத குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு தலைமுறைக்குள் இடைநிலைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகத்திலும் புகுந்தனர். இதனைப் படிப்போருட் பலர் அவர்களின் மக்களாகவோ பேரராகவோ இருத்தல் கூடும். ஊழெனக் கருதப்பட்டதன் ஒரு பகுதி பாடசாலைக் கட்டணமாகவே இருந்ததென்பது அப்போது தெரியவந்தது. மலையகத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலே என்பதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். அப்பிள்ளைகளின் ஊழ் மேலும் ஒரு தலைமுறைக்கு நீடிக்கப்பட்டது. கட்டணம் அப்பாற் பாடசாலையை விட்டு வெளியேறி ரியூசன் வகுப்பிற் குடியேறியமை யாவரும் அறிந்ததே.

அறிவு விலைபோகும் மற்றொரு சந்தையையும் குறிப்பிடாது விடமுடியாது. யாழ்ப்பாணத்துச் சீதன வழக்கிலே டொக்டர் மாப்பிள்ளைக்கும் எஞ்சினியர் மாப்பிள்ளைக்கும் வெவ்வேறு தொகைகள் பேசப்பட்டன. பெண்ணுக்குரிய சீதனத்துக்குப் புறம்பாக மாப்பிள்ளை வீட்டாருக்கு நன்கொடை எனத் தனித்தொகையும் கேட்கப்பட்டது. பரீட்சைப் பெறுபேறு காணியாகவும் நகையாகவும் காசாகவும் மாறியது. பெண்ணின் தந்தை அறிவை வாங்கவில்லை என்பது உண்மையே. அறிவுடையவன் தமது வீட்டிற்கு வந்து நிற்பதை அவர் வாங்கினார். இதற்கு இதைவிடப் பொருத்தமான உரையைப் பரிமேலழகரும் எழுதியிருக்க முடியாது. 1980களின் பின்னர் வெளிநாட்டு மாப்பிள்ளை மேலோங்கியதும் பட்டத்தின் இடத்தை வதிவிட உரிமை பிடித்துக்கொண்டது.

4

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, பணம் மதிப்பையேனும் தடையின்றி வாங்கவல்லது என முடிவு செய்யின் அது பிழையாகும். பணம் பந்தியிலே, குலம் குப்பையிலே என்று ஒரு பழமொழி வழங்குகின்றது. குலம் என்னும் இடத்திற் குணம் என்று சொல்வாரும் உளர். இவ்விரு வடிவங்களும் ஒரே மனக்குறையை வெளியிடுவன அல்ல. குணம் என்பது அறவோரின் முறையீடு. குலம் என்பது உயர்குலத்தோரின் அச்சம். தமக்குரிய பந்தியிலே பணம் சம்பாதித்த பிறன் ஒருவன் வந்து அமர்ந்துவிடுவானோ என்னும் அச்சம். பரிமேலழகரும் இழிகுலத்தவனிடம் உயர்குலத்தோர் சென்று நிற்பர் என்றே கூறினார்.

யாழ்ப்பாணத்தின் சமூக வரலாறு இப்பழமொழியைப் பொய்யாக்கியது. கள்ளிறக்கியும் கூலிக்கு உழைத்தும் சிறு வியாபாரம் செய்தும் பொருள் சேர்த்த ஒடுக்கப்பட்டோருக்குப் பந்தியும் கிடைக்கவில்லை, கோயில் வாயிலும் திறக்கவில்லை. தேநீர்க் கடையிலே காசு செல்லுபடியாயிற்று. காசு கொடுத்தவன் குடிப்பதற்குப் போத்தலோ தகரப் பேணியோ தனியே ஒதுக்கப்பட்டது. பணத்தை ஏற்றுக்கொண்டு பணம் கொணர வேண்டிய மதிப்பை மறுத்த விந்தையை அங்கு நாம் காண்கின்றோம். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் இந்நிலை நீடித்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே வழிபட வந்தோர் தடுக்கப்பட்டனர். டானியலின் 'பஞ்சமர்' (1972) இப்போராட்டங்களின் உலகிலிருந்து எழுந்த நாவல்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? செல்வத்தின் சமன்படுத்தும் ஆற்றல், உற்பத்தி உறவுகளும் அவற்றைக் காத்துநிற்கும் சாதியமைப்பும் இடந்தரும் அளவுக்கே இயங்குகின்றது. நிலமானிய உறவுகள் சிதையாதவிடத்துப் பணம் முழுமையான பணமாக இருப்பதில்லை. அது குலத்தின் அனுமதி பெற்றே செல்லுகின்றது. ஆதலால், பணம் மனிதத் தகைமையை விலைபொருளாக்கிவிட்டது என்று வருந்தும் குரல்களை நாம் கேட்கும்பொழுது, வருந்துபவர் யார் என வினவுதல் அவசியமாகின்றது. அக்குரல் குணத்துக்காக எழுகின்றதா, குலத்துக்காக எழுகின்றதா? வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்டோருக்குப் பெற்றுத்தர வேண்டியிருந்ததைப் பணம் பெற்றுத்தரவில்லை. தேநீர்க் கடைகளையும் கோயில்களையும் திறக்கச் செய்தவை அவர்கள் ஒன்றுதிரண்டு நடத்திய போராட்டங்களே.

5

மதிப்பும் மானமும் வேறு வேறானவை. மதிப்பு பிறர் தருவது. மானம் தானே காப்பது. மானம் என்னும் 97ஆவது அதிகாரத்தை நோக்கின், வள்ளுவர் மானத்தைப் பெரிதும் எதிர்மறையாலேயே வரையறுப்பது புலனாகும். உயிருக்காகவும் செய்யமாட்டான், புகழுக்காகவும் செய்யமாட்டான் என்று ஒருவன் செய்ய மறுப்பனவற்றின் தொகுதியாகவே மானம் அங்கு உருவாகின்றது. மறுப்பை எவரும் விலைக்கு வாங்க முடியாது. ஆயின், அதனை விற்க முடியும். மார்க்ஸ் பிற்காலத்தில் எழுதிய மூலதனத்தின் முதற் தொகுதியிலே, மனச்சாட்சியும் மானமும் இயல்பிற் பண்டங்கள் அல்லவாயினும் அவற்றை உடையோரால் விற்பனைக்கு வைக்கப்படலாம், விலை பெறுவதனாற் பண்டத்தின் வடிவத்தையும் பெறலாம் என்று குறிப்பிடுகின்றார். அங்கு அவர் வாங்குவோரை முன்னிறுத்தவில்லை, விற்போரையே முன்னிறுத்துகின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

சாதாரண வாணிபத்திலே விற்பவன் இழந்தது வாங்கியவனிடம் போய்ச் சேரும். நெல்லை விற்றால் நெல் போகும். அறிவை விற்றால் அறிவு போகாது. அதன் பயன் போகும். கூலிக்கு அமர்ந்த கணக்காளனின் மூளை முதலாளிக்காக வேலை செய்கின்றது. மானத்தை விற்றாலோ விற்றவன் இழந்தது எங்கும் போய்ச் சேர்வதில்லை. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையிலே விபத்தில் அடிபட்டுக் கிடந்த கணவனுக்காக அம்மாளு முக்கால் ரூபாய்க்குத் தன்னை விற்கின்றாள். கற்பு என்று கதைப்போரை நோக்கி ஆசிரியர் எள்ளி நகையாடிக் கதையை முடிக்கின்றார். அவளுக்குக் காசு கொடுத்தவனின் மானம் அந்த முக்கால் ரூபாயால் ஓர் அணுவேனும் கூடியதா? செல்வர் மதிப்பை வாங்குகின்றனர். வறியவர் மானத்தை விற்கின்றனர். இவை ஒரே கொடுக்கல் வாங்கலின் இரு பக்கங்கள் அல்ல. இதனை வேறுபடுத்தாமையாலேயே, பண்புகளைப் பணத்தால் வாங்க முடியுமா என்ற வினா காலந்தோறும் வாங்குவோரின் கவலையாக மட்டும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. இரத்தலை அஞ்சுதல் பற்றிப் பாடிய வள்ளுவர், இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனின் அவ்வாறு உலகைப் படைத்தவன் அலைந்து கெடுக என்று சபிக்கின்றார். அச்சினம் விற்போரின் பக்கத்திலிருந்து எழுந்தது. அது படைத்தவனை நோக்கிச் சென்றதேயன்றி, இரக்கும் நிலையைத் தோற்றுவித்தோரை நோக்கிச் செல்லவில்லை என்பது வேறு.

இவ்வகையிற் சங்கப் பாடல்கள் சில அறநூல்களினும் தெளிவுடையன. அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் அல்லன் ஆய் என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடுகின்றார் (புறம் 134). அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே பரிசிலை அனுப்பியபோது, பரிசிலை வாணிகமாகக் கொண்டவன் யானல்லேன் என்று பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுக்கின்றார் (புறம் 208). தமது தகுதியின் அளவறிந்து தருவதாயின் தினையளவும் இனிது என்பது அவர் வாதம். இரு பாடல்களிலும் வாணிகம் என்ற சொல் மறுப்பதற்காகவே எடுத்தாளப்படுகின்றது. மறுக்க வேண்டியிருந்ததெனின் அது வாயிலுக்கு வந்துவிட்டது என்றே கொள்ளுதல் வேண்டும். சிலப்பதிகாரத்திலே அது வாயிலைத் தாண்டிவிடுகின்றது: அரங்கேறிய மாதவிக்கு அரசன் தலைக்கோற் சிறப்போடு வழங்கிய மாலை, 1008 கழஞ்சு பொன் என விலை குறிக்கப்பட்டு, கூனியொருத்தியின் கையில் நகரவீதிக்கு வந்துவிட்டது. கலைக்கு அரசு வழங்கிய மதிப்பு அதற்குள் விலையாகிவிட்டது.

பெருஞ்சித்திரனார் பொருளுக்கு மேலானவராக வாழ்ந்தவர் அல்லர். அவர் வீட்டின் பசியைக் குமணனிடம் பாடிய பாடல்கள் புறநானூற்றின் மிகத் துயரமான பாடல்களுட் சில. குமணனிடமிருந்து பெற்றுவந்த வளத்தை, என்னைக் கேளாமலே எல்லோர்க்கும் கொடு என்று மனைவியிடம் கூறுபவரும் அவரே (புறம் 163). இளவெளிமான் சிறிய பரிசில் தந்தபோது அதனைக் கொள்ளாது சென்று, குமணன் வழங்கிய யானையைக் கொணர்ந்து வெளிமானது ஊரின் காவல்மரத்திலே கட்டிவிட்டுப் போனார் (புறம் 162). தமிழ்ப் புலவரின் மானத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை என்று இந்நிகழ்ச்சி பாராட்டப்படுவதுண்டு, நாமும் பாராட்டுகின்றோம். குமணனின் யானை இல்லாதிருந்தால் அக்காவல்மரத்திலே அவர் எதனைக் கட்டியிருப்பார் என்பதையும் நாம் கேட்க வேண்டியிருக்கின்றது.